பூஜ்ஜியம் மாறாத பூங்கா

கண்டக்டர் ஒரு வருடம் முழுக்க ஞாயிற்றுக்கிழமைகளிலும் பேருந்தில் நின்று ஓவர்டைம் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமையில்கூடப் பெண்டாட்டி பிள்ளையோடு இருக்க முடியவில்லையே என்ற குறையைத் தீர்ப்பதற்காக, அந்த ஓவர்டைம் பணத்தை அப்படியே கொண்டுபோய்க் குடும்ப விடுமுறைப் பூங்காவில் கட்டினார். இதில் எங்கோ கணக்கு உதைக்கிறது என்று அவருடைய மனைவிக்குத் தோன்றியது. விளம்பரத்தில் இருந்த குடும்பம் அத்தனை பல்லும் தெரியச் சிரித்துக்கொண்டிருந்ததால் அவள் வாயைத் திறக்கவில்லை.

அவள் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ஊசி போட்டு ரத்தம் எடுப்பவள். யார் எப்படிப் பதறினாலும் ஒரே குரலில், "ஒண்ணுமில்ல, எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும்" என்று சொல்லிப் பழகியவள். அவர்களுக்கு ஒரே மகள், ஒன்றாம் வகுப்பு. ஆள் உருண்டையாக, ஓரிடத்தில் நிற்காமல் உருண்டுகொண்டே இருப்பதால் பட்டாணி என்று பெயராகிவிட்டது.

பூங்காவின் வாசலில் பெரிய மின்பலகை ஒன்று இருந்தது. ‘திறந்த நாள் முதல் இங்கே தொலைந்த குழந்தைகள்: 0’. அந்தப் பூஜ்ஜியம் மட்டும் ஓர் ஆள் உயரம். அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்வது எல்லோருக்கும் வழக்கமாம். கண்டக்டரும் எடுத்துக்கொண்டார். "பாத்தியா, என்ன பாதுகாப்பு" என்று மனைவியிடம் பெருமையாகச் சொல்லவும் செய்தார். கொஞ்சம் வாயை அடக்கியிருக்கலாம்.

வாசலில் சோதனை நடந்தது. கண்டக்டரின் சட்டைப் பையில் எந்நேரமும் விசில் இருக்கும், கயிற்றோடு. பூங்காவுக்குள் விசில் ஊதும் உரிமை ஊழியர்களுக்கு மட்டும்தான் என்று காவலாளி சொன்னார். ஆனால் விருந்தினரிடமிருந்து எதையும் பறிப்பது மரியாதை இல்லையாம். அதனால் விசிலின் வாயில் சிரிக்கும் கரடிப் படம் போட்ட ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டி, "இப்ப இதுவும் லீவுல இருக்கு சார்" என்று திருப்பிக் கொடுத்தார்.

அந்த விசில் அவர்கள் வீட்டில் சட்டம். பட்டாணி நடக்க ஆரம்பித்த காலத்திலேயே கண்டக்டர் பழக்கிவிட்டார். ஒரு விசில் என்றால் எங்கே இருக்கிறாயோ அங்கேயே நில். இரண்டு விசில் என்றால் கிளம்பி வா. சாலையில், சந்தையில், மழைக்கு ஒதுங்கும் கூட்டத்தில், எங்கே ஒரு விசில் கேட்டாலும் பட்டாணி தூக்கிய காலை அந்தரத்திலேயே வைத்துக்கொண்டு நிற்பாள். இவ வண்டியா பிள்ளையா என்று மனைவி கேட்பாள். சாலையைக் கடக்கும்போது மட்டும் கேட்க மாட்டாள்.

உள்ளே போனதும் கண்டக்டர் வேலையில் இறங்கிவிட்டார். போட்ட காசை எடுக்க வேண்டுமே. ஊஞ்சல் படகு பிடிக்கவில்லை என்று சொன்ன மனைவியை, பேக்கேஜில் இருக்கிறது என்று சொல்லி ஏற்றினார். அவள் இறங்கி ஓரமாகப் போய் வாந்தி எடுத்தாள். சிரிப்புக் கூடத்தில் சிரிப்பு வராமலே உட்கார்ந்து முழு நேரத்தையும் தீர்த்தார்கள். ஐஸ்கிரீம் பேக்கேஜில் இருந்ததால் பசி இல்லாமல் சாப்பிட்டார்கள். நடக்கும் பாதை முழுக்கத் தரையில் மஞ்சள் அம்புக்குறிகள். அதற்கு மகிழ்ச்சிப் பாதை என்று பெயர். மகிழ்ச்சி முன்னோக்கித்தான் போகும் என்பது பூங்காவின் கொள்கை, ஆகவே யாரும் திரும்பி நடக்கக் கூடாது. விட்டதைப் பார்க்க வேண்டுமென்றால் முழுப் பூங்காவையும் ஒரு சுற்றுச் சுற்றித்தான் வர வேண்டும்.

நாள் முழுக்க கண்டக்டருக்குப் பிடிக்காமல் போனது ஒன்றே ஒன்று, பொம்மை ரயில். அதன் ஊழியர் ஒற்றை விசில் கொடுப்பார், உடனே பாட்டு ஒலிக்கும், வண்டி கிளம்பிவிடும். "ஒத்த விசில்ல வண்டிய எடுக்கறான் பாரு, இவனுக்கெல்லாம் யார் வேல குடுத்தா" என்று மனைவியிடம் சத்தமாகவே முறையிட்டார். இரண்டு விசில் விரட்டுவது போல இருக்கிறதாம், விடுமுறைக்கு வந்தவர்களை விரட்டக் கூடாதாம். பக்கத்தில் நின்ற ஊழியர் சொன்ன விளக்கம் இது.

ரயிலைவிட்டு இறங்கியதும் மனைவி பிசுபிசுப்பான கையைக் கழுவப் போனாள். இன்னொரு முறை ஏறினால் அதுவும் பேக்கேஜில் சேருமா என்று கேட்க கண்டக்டர் டிக்கெட் ஜன்னலருகே நின்றார். ஜன்னலுக்குள் இருந்த பெண், பேக்கேஜில் வெள்ளி, தங்கம், வைரம் என்று வகைகள் இருப்பதையும், வைரத்தில் ஏறிவிட்டால் இந்த மாதிரிக் கேள்வியே மனதில் எழாது என்பதையும் விளக்கினாள். வைரம் என்ன விலை என்று கேட்டுவிட்டுத் திரும்பினார். பின்னால் பட்டாணி இல்லை.

முதலில் அவர் பதறவில்லை. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். பிறகு இன்னும் உரக்கக் கூப்பிட்டார். கூட்டம் அம்புக்குறி காட்டிய பக்கம் போய்க்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் அலைக்குளம். காலையிலிருந்து பட்டாணி அலைக்குளம், அலைக்குளம் என்று நச்சரித்துக்கொண்டிருந்தாள். அம்பு காட்டிய பக்கமே ஓடினார்.

அலைக்குளத்தில் சங்கு ஊதினார்கள். ஊதியதும் சுவர் உயரத்துக்கு அலை எழும்பியது, நூற்றுக்கணக்கான பேர் ஒரே நேரத்தில் அலறினார்கள். அந்த அலறலில் சந்தோஷம் எது, பயம் எது என்று அவரால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. பின்னாலேயே வந்து சேர்ந்த மனைவியிடம் விஷயத்தைச் சொன்னார். அவள் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. "ஒண்ணுமில்ல, இருப்பா" என்றாள். சொல்லிவிட்டு அவருடைய மணிக்கட்டைப் பிடித்தாள். அந்த விரல்கள் நடுங்குவதை அவர் அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தார்.

உதவி தேவைப்பட்டால் கரடியைக் கேளுங்கள் என்று தூணுக்குத் தூண் எழுதியிருந்தது. கரடி என்பது கரடி உடுப்புக்குள் இருந்த ஒரு மனிதர். கண்டக்டர் அவர் தோளைப் பிடித்து, ஆறு வயசுப் பெண், மஞ்சள் சட்டை, இரட்டைச் சடை என்று மூச்சுவிடாமல் சொன்னார். கரடி தலையாட்டியது. பார்த்தீர்களா என்று கேட்டதற்கும் தலையாட்டியது. எங்கே என்று கேட்டதற்கு ஒரு சுற்று ஆடிக் காட்டியது. கரடி பேசக் கூடாது என்பது விதி. "யோவ், உள்ள இருக்கற ஆளா பேசுய்யா" என்று கண்டக்டர் கெஞ்சினார். கரடி அவரைக் கட்டிப்பிடித்து முதுகில் தட்டிக்கொடுத்தது. அதுவும் பேக்கேஜில் உண்டு.

கடைசியில் மகிழ்ச்சி அலுவலகத்தைக் கண்டுபிடித்தார்கள். மகிழ்ச்சி அலுவலர் இளவயதுக்காரர், இஸ்திரி கலையாத சட்டை. உட்காரச் சொன்னார், குடிக்கத் தண்ணீர் கொடுத்தார், முழுவதையும் குறுக்கிடாமல் கேட்டார். கேட்டு முடித்தபின் மிகுந்த கனிவோடு சொன்னார்.

"சார், இங்க குழந்தைங்க தொலையறதில்ல."

"என் பொண்ணக் காணோம்னு சொல்றேன்."

"அது உங்க உணர்வு. அத நாங்க மதிக்கிறோம். ஆனா தொலைஞ்சதுன்னு ஒரு வார்த்தைய எங்ககிட்ட எங்கயும் போட முடியாது. வாசல்ல போர்டு பாத்திருப்பீங்க. உங்க பொண்ணு இப்போ சுதந்திர மகிழ்ச்சியில இருக்காங்க. அவ்வளவுதான்."

மைக்கில் அறிவிக்கச் சொன்னார் கண்டக்டர். குழந்தையைக் காணவில்லை என்று அறிவித்தால் மற்ற பெற்றோர்கள் தங்கள் குழந்தையைத் திரும்பிப் பார்ப்பார்கள், பார்த்தால் கவலை வரும், கவலைக்கு அவர்கள் பணம் கட்டவில்லை என்று அலுவலர் விளக்கினார். கேமரா இருக்கிறதே என்றார் கண்டக்டர். கேமராக்கள் இருக்கின்றனவாம், ஆனால் அவை சிரிக்கும் முகங்களை மட்டும் தேடிப் படம்பிடிக்கும் நவீன வகையாம். வெளியே மறுபடி சங்கு ஊதினார்கள். மறுபடி அந்த அலறல்.

மனைவி எழுந்தாள். ரயிலடிக்குத் திரும்பிப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வெளியே போய் அம்புக்குறிக்கு எதிராக நடந்தாள். கொஞ்ச தூரத்திலேயே இரண்டு காவலாளிகள் வணக்கம் சொல்லி வழிமறித்தார்கள். பிள்ளையைத் தேடுகிறேன் என்றாள். தேடுவதற்குத் தடையே இல்லை, முன்னோக்கித் தேடலாம் என்றார்கள். அவள் மீறி நடக்க, ஆளுக்கொரு கையைப் பூப்போலப் பிடித்து, அவளை முன்பக்கமாகத் திருப்பிக் கொண்டுவந்து அலுவலகத்திலேயே விட்டார்கள். இடுப்பளவு கூட இல்லாத பிள்ளைகள் இரண்டு பக்கமும் தறிகெட்டு ஓடிக்கொண்டிருந்தார்கள். அவர்களை யாரும் தடுக்கவில்லை. வாசல் பலகையில் உயரம் அளக்க வரைந்திருக்கும் கோட்டை எட்டாதவர்கள் விதிப்படி நடப்போர் கணக்கில் வருவதில்லை.

இந்த நிலையில்தான் மகிழ்ச்சி அலுவலருக்கு ஒரு யோசனை வந்தது. குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"சார், ஒரு வழி இருக்கு. குழந்தைங்கதான் தொலையக் கூடாது. பெரியவங்க தொலையலாம். அதுக்குப் போர்டு இல்ல."

"புரியல."

"நீங்க தொலைஞ்சு போயிட்டதா பதிவு பண்ணிக்கலாம். உங்கள நாங்க கண்டுபிடிச்சுட்டோம். இப்போ உங்க பொண்ணு வந்து உங்களக் கூட்டிட்டுப் போகணும். அத மைக்ல சொல்றதுக்கு எனக்கு முழு அதிகாரம் இருக்கு."

கண்டக்டர் மனைவியைப் பார்த்தார். எதற்காவது சம்மதித்துத் தொலையுங்கள் என்பது போல அவள் கண்ணை மூடித் திறந்தாள். இப்படியாக, மகளைத் தேடி வந்த மனிதர் தன்னைத் தொலைத்துக்கொள்ள ஒப்புக்கொண்டார்.

தொலைந்த பெரியவர்களுக்கென்று ஓர் அறை இருந்தது, குளிர்சாதன வசதியோடு. சுவரெல்லாம் மேகம் வரைந்திருந்தார்கள். அங்கே ஏற்கெனவே பலர் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். அத்தனை பேரும் அப்பாக்கள், அம்மாக்கள். ஒவ்வொருவர் கழுத்திலும் ‘நான் கிடைத்துவிட்டேன்’ என்ற அட்டை தொங்கியது. கண்டக்டருக்கும் ஒன்றை மாட்டினார்கள். பக்கத்து நாற்காலியில் இருந்தவர் பல் டாக்டராம், மதியத்திலிருந்து இருக்கிறாராம். அவருடைய மகன் மைக் அறிவிப்பைக் கேட்டு வந்துவிட்டான், பலமுறை வந்துவிட்டான். ஆனால் தொலைந்த பெரியவரை ஒப்படைக்க வேண்டுமென்றால் கூட்டிப்போக வருபவர் பெரியவராக இருக்க வேண்டும். டாக்டர் தொலைந்தவர் என்பதால் தன்னைத் தானே கூட்டிப்போகவும் முடியாது. பையன் ஒவ்வொரு முறையும் வந்து அப்பாவை ஆசையாகப் பார்த்துவிட்டு, அடுத்த ராட்டினத்துக்குப் போய்விடுகிறான். "பழகிடுச்சு சார்" என்றார் டாக்டர்.

அந்த அறை மூலையிலேயே, மகிழ்ச்சி அலுவலரின் மேசையில் இருந்த மைக்கில் அறிவித்தார்கள். நீலச் சட்டை அணிந்த அப்பா ஒருவர் மகிழ்ச்சி அலுவலகத்தில் பத்திரமாக இருக்கிறார், அவருடைய அன்பு மகள் வந்து அழைத்துச் செல்லவும். மகளுடைய பெயரோடு அறிவித்தார்கள். அறிவித்த பிறகு எல்லோரும் கதவைப் பார்த்தார்கள். கதவு திறக்கவில்லை. இன்னொரு முறை அறிவித்தார்கள். வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. மனைவி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "மைக் சத்தம் கேட்டா வந்துருவா, அவ பேரு அவளுக்குத் தெரியும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். கேட்டும் வரவில்லை என்றால் என்ன அர்த்தம் என்று இரண்டு பேருமே யோசித்தார்கள். அலைக்குளத்துச் சங்கு ஊதும்போதெல்லாம் கண்டக்டருக்கு உயிர் போய் உயிர் வந்தது.

அப்போது பார்த்து பொது மேலாளர் வந்தார். அன்றைக்குப் பூங்காவின் ஆண்டு விழாவாம். படம் எடுப்பவர்கள் சிலர் கூடவே வந்தார்கள். தொலைந்த பெரியவர்கள் அறைதான் பூங்காவின் சாதனைகளிலேயே பெரியது என்று அவர் நினைத்தார். நடு அறையில் நின்று பேசினார்.

"ஆரம்பத்துல எங்களுக்கும் பிரச்சினை இருந்தது. தினமும் பத்துப் பிள்ளைங்க காணாம போகும். ஆளுங்களப் போட்டுத் தேடலாமான்னு ஒரு யோசனை வந்தது. நான் ஒத்துக்கல. தேட ஆரம்பிச்சா முடிவே கிடையாது. அதனால தொலையறதையே நிறுத்தினோம். ஒரே சுற்றறிக்கைதான். அன்னிலேருந்து பூஜ்ஜியம், அதுக்கு முன்னாடி தொலைஞ்சதுக்கும் சேர்த்து."

எல்லோரும் கை தட்டினார்கள். கண்டக்டருக்கும் அனிச்சையாகக் கை எழும்பியது. மனைவி அந்தக் கையைத் தட்டிவிட்டாள். அதே பழைய குரலில், அறைக்கே கேட்கும்படி, "என் பொண்ணு எங்க சார்" என்று கேட்டாள். பொது மேலாளர் அவளைப் பரிவோடு பார்த்து, இந்த அம்மாவையும் தொலைந்தவர்கள் கணக்கில் சேர்த்துக்கொள்ளச் சொன்னார். அப்போது ஜன்னலுக்கு வெளியே தூரத்தில் பொம்மை ரயிலின் விசில் கேட்டது. ஒரே ஒரு விசில். உடனே பாட்டு. வண்டி கிளம்பும் சத்தம்.

ரெண்டாவது விசில் எங்கடா என்று வழக்கமான எரிச்சல் கண்டக்டருக்கு வந்தது. வந்த எரிச்சல் பாதியிலேயே நின்றுவிட்டது. அவர் எழுந்தார்.

"அவ எங்கயும் போகலடி," என்றார் மனைவியிடம். "நிக்கறா. எவனோ ஒத்த விசில் ஊதிட்டான். அவ அங்கேயே நிக்கறா."

மனைவிக்கு ஒரு நொடிதான் பிடித்தது. "அப்போ ஊதுங்க" என்றாள். அவளுடைய குரல் வாழ்க்கையில் முதல்முறையாக உடைந்தது.

கண்டக்டர் பையிலிருந்து விசிலை எடுத்து, அதன் வாயில் இருந்த கரடியை நகத்தால் பிய்த்தார். சார், அது விதிமீறல் என்று மகிழ்ச்சி அலுவலர் எழுந்தார். மனைவி அவருக்கும் மைக்குக்கும் நடுவில் போய் நின்றுகொண்டாள். கண்டக்டர் மைக்கைப் பிடித்து இரண்டு விசில் ஊதினார். பேருந்து நிலையத்தில் கூட்டத்தையும் ஹாரனையும் தாண்டி ஓட்டுநர் காதில் விழ வேண்டும் என்று ஊதுவாரே, அந்த மாதிரி. பூங்காவின் அத்தனை ஒலிபெருக்கியிலும் அது போய் விழுந்தது. ராட்டினத்தில் இருந்தவர்கள் திடுக்கிட்டார்கள். பொது மேலாளர் காதைப் பொத்திக்கொண்டார். ஒன்றும் நடக்கவில்லை. கண்டக்டர் மறுபடியும் ஊதினார். அவசரத்தில் விசில் பல்லில் இடித்தது.

ஜன்னலுக்கு வெளியே பாதையில் ஒரு மஞ்சள் சட்டை தெரிந்தது. அம்புக்குறிகளைக் குறுக்கே வெட்டிக்கொண்டு, கூட்டத்துக்குள் உருண்டு புரண்டு வந்துகொண்டிருந்தது. காவலாளிகள் தடுக்கவில்லை, கோட்டை எட்டாத ஆள் அல்லவா. பட்டாணி உள்ளே ஓடிவந்து அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டாள். முகமெல்லாம் காய்ந்த கண்ணீர், வெயில் பட்டு மூக்கு சிவந்திருந்தது. ரயிலின் மறுபக்கத்து வாசலில், காளான் வடிவக் குப்பைத்தொட்டிக்குப் பின்னால் நின்றிருக்கிறாள். அத்தனை நேரமும். மைக்கில் தன் பெயர் சொன்னதைக் கேட்டிருக்கிறாள், ஆனால் பெயருக்கு நகரலாம் என்று யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

"ஏம்ப்பா ரெண்டாவது விசில் ஊத இவ்ளோ நேரம்?" என்று கேட்டாள். "நீங்க மறந்துட்டீங்களோன்னு நெனச்சேன். ஒண்ணுக்கு வந்துச்சு, அப்பவும் நான் நகரல."

கண்டக்டர் தரையில் உட்கார்ந்து அழுதார். அழுகை என்றால் சத்தமான அழுகை. படம் எடுப்பவர்கள் அதை எடுக்கவில்லை.

பிறகு ஒப்படைக்கும் சடங்கு நடந்தது. பட்டாணி உயரம் பற்றாது. தன்னைத் தொலைந்தவளாகச் சேர்க்கும் முன்பே மனைவி முந்திக்கொண்டு, இவர் என் புருஷன், நான் கூட்டிப்போகிறேன் என்று சொல்லி அட்டையைக் கழற்றினாள். போகும்போது பல் டாக்டரையும் பார்த்தாள். "இவரும் எங்க ஆளுதான்" என்று அவர் அட்டையையும் கழற்றினாள். டாக்டர் மறுபேச்சுப் பேசாமல் எழுந்து, மகன் இருந்த ராட்டினத்தைப் பார்த்து ஓடினார்.

வெளிவாசலுக்கு முன்னால் படக்கடை. நாள் முழுக்க எடுத்த படங்கள் திரையில் ஓடிக்கொண்டிருந்தன. அதில் பட்டாணி இருந்தாள். காளான் தொட்டிக்குப் பக்கத்தில் விறைப்பாக, ஒரு காலை முன்னால் வைத்தபடி, உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். அவள் தோளில் கை போட்டுக்கொண்டு கரடி. கீழே ‘மறக்க முடியாத தருணம்’ என்று எழுதியிருந்தது. சின்னச் சட்டத்தோடு வேண்டுமா பெரிய சட்டத்தோடா என்று கடைக்காரர் கேட்டார். கண்டக்டர் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

வெளிவாசலில் ஒரு கேள்விக்குப் பதில் சொன்னால்தான் கதவு திறக்கும். ‘கொடுத்த பணத்துக்கு ஏற்ற மகிழ்ச்சி கிடைத்ததா?’ கீழே அழுத்துவதற்கு ஒரே ஒரு பொத்தான், சிரித்த முகம். கண்டக்டர் அழுத்தவில்லை. பின்னால் வரிசை நீண்டது. மகிழ்ச்சி அலுவலரே ஓடி வந்து, பரவாயில்லை சார் என்று அவருக்காக அழுத்தினார். கதவு திறந்தது. வெளியே அந்தப் பூஜ்ஜியத்துக்கு விளக்குப் போட்டிருந்தார்கள்.

கூட்டத்தை ஒழுங்குபடுத்த வாசல் காவலாளி விசில் ஊதினார். ஒரே ஒரு விசில்.

பட்டாணி நின்றுவிட்டாள். ஒரு கால் கதவுக்கு வெளியே, ஒரு கால் உள்ளே. பின்னால் இருந்தவர்கள் முட்டினார்கள், முணுமுணுத்தார்கள். நீங்க போகலாம் பாப்பா என்று காவலாளி சொன்னார். அவள் அசையவில்லை. அப்பாவின் முகத்தைப் பார்த்தாள்.

கண்டக்டர் விசிலை வாய்வரை கொண்டுபோனார். ஊதவில்லை. கயிற்றோடு கழற்றி மகளின் கழுத்தில் போட்டார். "இனிமே நீயே ஊது" என்றார்.

பட்டாணி விசிலை வாயில் வைத்தாள், உடனே எடுத்துவிட்டாள். ஏதோ விட்டுப்போனது நினைவுக்கு வந்தது போல. திரும்பி அம்மாவின் கையைத் தொட்டு எண்ணினாள். அப்பாவின் கையைத் தொட்டு எண்ணினாள். சந்தேகம் தீராமல் அப்பாவை மட்டும் இன்னொரு முறை தொட்டுப் பார்த்தாள். அதற்குப் பிறகுதான் இரண்டு விசில் ஊதினாள். மூன்று பேரும் கிளம்பினார்கள்.